பிக்கப்பில் தங்குவதற்குக் கரண்ட் வேண்டுமா? பின் டோரிலிருந்து இரண்டாவது பேட்டரி வரை

தைப்பூசத்துக்கு எடப்பாடிப் பக்கமிருந்தும் ஈரோட்டுப் பக்கமிருந்தும் பழனிக்கு நடந்து போகிற கூட்டங்களோடு பிக்கப் வண்டிகளும் ஊர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி மூட்டை, அண்டா, பாய், மருந்துப் பெட்டி எல்லாம் அதில்தான் வரும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடும் குதிரையும் கொண்டுவருகிறவர்கள் வண்டியோடு வந்து நாள்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். வண்டியில் படுத்து எழுவது கொங்கு நாட்டில் ரொம்பப் பழைய பழக்கம். இப்போது அதோடு லைட், ஃபேன், ஐந்தாறு போன், முடிந்தால் ஒரு குட்டி ஃபிரிட்ஜ் என்று ஆசை வளர்ந்திருக்கிறது. வாரநாளில் தேங்காய் ஏற்றிய அதே வண்டியில் சனிக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை போகிறவர்களும் கூடியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து எடுப்பது, எப்படி எடுத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும், இடையில் எதுவும் தீப்பிடிக்காமல் இருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். எலக்ட்ரிக்கல் வேலை தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. செய்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும், எதற்குத் தலையாட்டக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

முதலில் பின் டோர்

பிக்கப்பில் நாம் அதிகம் கை வைக்கிற இடம் பின் டோர். அதனால்தான் கடைக்காரரும் முதலில் அதற்குத்தான் சாமான் காட்டுவார்.

பொலேரோ பிக்கப் மாதிரி சரக்கு வண்டிகளில் பின் டோர் வெறும் இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் கொக்கி, சங்கிலி. அதில் சேர்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல தாழ்ப்பாளும் பூட்டும் போட்டால் வேலை முடிந்தது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில்தான் டேம்பர், சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா, எல்இடி பட்டை என்று வரிசையாக வரும்.

டேம்பர் என்பது கேஸ் அடைத்த ஒரு சிறு தண்டு. டோரைத் திறந்துவிட்டால் தடாலென்று விழாமல் மெதுவாக இறங்கும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளையே பயன்படுத்தும் செட் கிடைத்தால் அதை வாங்குங்கள். புதிதாக ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால், போட்ட ஓட்டையின் விளிம்பில் அன்றைக்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாத இடம்தானே என்று விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். டேம்பர் டோரின் எடையை மெதுவாக இறக்குவதற்கு மட்டும்தான். மேலே உட்காரும் ஆளைத் தாங்குவது இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்டீல் கேபிள். டேம்பர் போட்டாயிற்றே என்று கேபிளைக் கழற்றிவிடுகிற ஆட்களும் உண்டு. அதற்கு விடாதீர்கள்.

அடுத்தது ரப்பர் பீடிங். பின்னால் சரக்குத் தொட்டியின் மேல் கூண்டு போட்ட பிக்கப் மண் சாலையில் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. டயர் கிளப்பும் புழுதி அந்தப் பக்கம் சுழன்று வந்து, பின் டோரைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துப் பாதைகளில் கொஞ்ச தூரம் போனாலே படுக்கை செம்மண் நிறமாகிவிடும். புழுதியாவது கண்ணுக்குத் தெரியும். அதே இடுக்கு வழியாக சைலன்சர் புகையும் உள்ளே வரும் என்பதுதான் பீடிங் போடுவதற்கு முக்கியமான காரணம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. டோரின் நான்கு பக்கமும் பீடிங் ஒட்டி, கூண்டின் முன்பக்கத்தில் காற்று வர ஒரு திறப்பு வைத்தால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடி, பின்னால் இழுப்பது குறையும். இத்தனையும் செய்தாலும், ஓடுகிற வண்டியின் கூண்டுக்குள் யாரையும் படுக்க வைக்காதீர்கள். எஞ்சினை ஓட விட்டு உள்ளே தூங்குவதும் அப்படித்தான்.

இப்போது வயர். பின் டோருக்குப் போகும் எந்த வயரும் கீல் பக்கம் மடங்கி மடங்கி நிமிரும். டோரைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடங்கினால் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளித்தோல் நன்றாகவே இருக்கும், கேமரா மட்டும் விட்டுவிட்டு வேலை செய்யும். அதனால் மெல்லிய இழைகள் பல கொண்ட வயரை வரிப்பள்ளம் போட்ட பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் நுழைத்து, டோரை முழுசாகக் கீழே தொங்கவிட்ட நிலையில் அளவு பார்த்து, கொஞ்சம் தளர்வு வைத்துக் கட்ட வேண்டும். தகட்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு, விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம், அதாவது குரோமெட், கட்டாயம். எல்இடி பட்டைக்கோ சென்ட்ரல் லாக்குக்கோ டெயில் லைட் வயரை உரித்துச் சுற்றி கரண்ட் எடுக்கும் பழக்கம் பழைய வண்டிகளோடு போகட்டும். பல புது வண்டிகளில் லைட்டுக்குப் போகும் கரண்டை ஒரு கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. கூடுதலாக இழுத்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். டெயில் லைட் வயர் ஒரு ரிலேவுக்கு, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை இணைத்துப் பிரிக்கும் சுவிட்சுக்கு, சைகை கொடுத்தால் போதும். பட்டைக்கு வேண்டிய கரண்ட் தனி ஃபியூஸ் வழியாக வரட்டும்.

பின் டோர் பற்றி இன்னும் ஒன்று. தடித்த பவர் கேபிள் எதையும் டோர் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் பிக்கப்பின் தொட்டிக்குள் ஒரு குட்டி வீட்டையே இறக்கி வைத்து ஊர் சுற்றுவார்கள். பல வண்டிகளில் அதை ஏற்றுவதற்கு முன் பின் டோரையே கழற்றி வைத்துவிடுவார்கள். நமக்கும் என்றாவது டோரைக் கழற்ற வேண்டி வரும். அப்போது கேமராவுக்கும் லாக்குக்கும் போகும் சின்ன பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்ற அளவில் இருக்க வேண்டும். பெரிய கேபிளின் முனை தொட்டியின் பக்கச் சுவரில், டோர் மூடினாலும் நசுங்காத இடத்தில் இருக்கட்டும்.

வண்டி பேட்டரியை ஏன் தொடக் கூடாது

வண்டியில் ஏற்கெனவே ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதே, அதிலிருந்தே ஃபேன் ஓட்டினால் என்ன என்பது எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி.

அந்தப் பேட்டரி செய்யப்பட்டது ஒரே வேலைக்கு. செல்ஃப் மோட்டாருக்குச் சில விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு, பிறகு ஓய்ந்திருக்க வேண்டும். அதற்காக உள்ளே ஈயத் தகடுகளை மெல்லியதாக, நிறைய எண்ணிக்கையில் அடுக்கியிருப்பார்கள். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி அடிமட்டம் வரை இறக்கினால் இந்த மெல்லிய தகடுகள் சீக்கிரம் கெட்டுவிடும். சில முறை அப்படி இறக்கினாலே பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும். அது ஒரு பக்கம் இருக்க, சிறுத்தை நடமாடும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் விடிகாலை இருட்டில் இறங்கி வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண யாருக்கு ஆசை?

ஆகவே தங்குவதற்குத் தனிப் பேட்டரி. வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஏற வேண்டும். வண்டி நின்றதும் முன் பேட்டரியிலிருந்து தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். மொத்த ஏற்பாடும் இந்த இரண்டு வரிதான். மற்றதெல்லாம் இதைச் சரியாகச் செய்யும் வழிகள்.

எவ்வளவு வேண்டும்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 5 வாட் எல்இடி இரண்டு, 5 மணி நேரம்: 50 வாட்-அவர். வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவதுதான் வாட்-அவர். 12 வோல்ட்டில் ஓடும், கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி வகை ஃபேன், 25 வாட், 8 மணி நேரம்: 200. நான்கு போன்கள், ஒன்றுக்கு 20 என்று வைத்தால் 80. இதுவரை 330. ஒரு சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் எடுக்கும். நம் ஊர் வெயிலில் நாளில் பாதி நேரம் கம்ப்ரஸர் ஓடும் என்று கொண்டால் அதற்கு மட்டும் 600. ஆக மொத்தம் 930 வாட்-அவர்.

மூன்றில் இரண்டு பங்கை ஃபிரிட்ஜே சாப்பிட்டுவிட்டது, பாருங்கள். பழனிக்கு நடக்கிற குழுவுக்கு ஃபிரிட்ஜ் தேவையே இல்லை, ஐஸ் பெட்டி போதும். குழந்தைக்குப் பால், அப்பாவுக்கு இன்சுலின் என்று ஏதாவது இருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

930 வாட்-அவரை 12.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 73 ஆம்பியர்-அவர். பேட்டரியின் கொள்ளளவைக் கடையில் இந்த அளவில்தான் சொல்வார்கள். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்காமல் இருந்தால்தான் நீண்ட நாள் வரும். எனவே 150 ஆம்பியர்-அவர் பேட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில், எல்எஃப்பி என்பார்கள், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியிலேயே எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் எடை மிகக் குறைவு.

வீட்டில் சும்மா இருக்கும் யுபிஎஸ் பேட்டரியைத் தூக்கி வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அதில் வருகிற 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் வகை ஈய பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். சாய்ந்தால் ஆசிட் சிந்தும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது தீப்பற்றக் கூடியது. ஆள் படுக்கிற கூண்டுக்குள் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வெளியே, காற்றோட்டமான இரும்புப் பெட்டியில் இறுக்கிக் கட்டி வைக்க முடியுமென்றால் சரி.

இன்டக்‌ஷன் அடுப்பு பற்றி ஒரே வரி: 2000 வாட் அடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் எடுக்க வேண்டும். சமையலுக்கு கேஸ் அடுப்பு, அதுவும் கூண்டுக்கு வெளியே.

வயர்தான் எல்லாம்

இந்த விஷயத்தில் நம் ஊர் விவசாயிகளுக்குப் பாடமே தேவையில்லை. ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டாரை இறக்கும்போது, கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்எம், அதாவது செம்பின் குறுக்குப் பரப்பு எவ்வளவு, என்று கேட்காமல் யாரும் இறக்குவதில்லை. மெல்லிய கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டும், கீழே மோட்டாருக்குப் போய்ச் சேருவது குறைவாக இருக்கும், மோட்டார் திணறிக் காயில் கருகும். பிக்கப்பிலும் இதேதான் நடக்கிறது. தூரம் ஐந்து மீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆனால் அங்கே 415 வோல்ட்டில் பத்துப் பதினைந்து வோல்ட் விழுந்தால் சமாளித்துவிடலாம். இங்கே இருப்பதே 14 வோல்ட். அதில் ஒன்றரை வோல்ட் வழியில் விழுந்தால் பின்னால் இருக்கும் பேட்டரி நிறையவே நிறையாது.

கணக்கு எளிது. போகவும் வரவும் உள்ள மொத்த மீட்டரை ஆம்பியரால் பெருக்கி, அதை 0.0172ஆல் பெருக்கி, வயரின் ஸ்கொயர் எம்எம்மால் வகுத்தால் வழியில் விழும் வோல்ட் கிடைக்கும். 0.0172 என்பது செம்பின் மின்தடைக்கான எண். எஞ்சின் பக்கத்திலிருந்து தொட்டி வரை 5 மீட்டர், போகவர 10 மீட்டர், கரண்ட் 26 ஆம்பியர் என்று வையுங்கள். வீட்டு வயரிங்கில் போடும் 2.5 ஸ்கொயர் வயரில் கிட்டத்தட்ட 1.8 வோல்ட் விழுகிறது. 6 ஸ்கொயரில் 0.75. 10 ஸ்கொயரில் 0.45. 16 ஸ்கொயரில் 0.28. விழுந்த வோல்ட் எங்கும் மாயமாகிவிடவில்லை, வயருக்குள் சூடாக மாறியிருக்கிறது. 2.5 ஸ்கொயர் வயரில் அது 46 வாட். ஸ்லீவுக்குள் மூடிக் கட்டிய வயரில் அத்தனை சூடு என்றால் தோல் உருகத் தொடங்கும்.

அமெரிக்க வண்டிகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே டிரெய்லருக்கென்றே பிக்கப்பின் பின்பக்கம் ஏழு முனை பிளக் ஒன்று வரும். அதில் ஒரு முனை பேட்டரி சார்ஜுக்கு. ஆனால் அதற்குப் போகும் வயர் மெல்லியது. நாள் முழுக்க ஓட்டினாலும் ஃபிரிட்ஜ் தின்றது போகப் பேட்டரிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் அங்கேயும் விஷயம் தெரிந்தவர்கள் தனியாகத் தடித்த கேபிள் இழுத்துக்கொள்வார்கள்.

கேபிள் வாங்கும்போது கடைக்காரர், "எத்தன ஸ்கொயருங்க வேணும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன கையோடு, செம்பா அலுமினியமா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். கோயம்புத்தூரில் வெல்டிங் கேபிள் எளிதாகக் கிடைக்கும். நன்றாக வளையும், இழைகள் மெல்லியவை, இந்த வேலைக்கு ஏற்றதுதான். ஆனால் விலை குறைந்த கேபிள்களில் அலுமினியமும், செம்பு முலாம் பூசிய அலுமினியமும் கலந்து வருகின்றன. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை காட்டும்.

கேபிள் முனையில் போடும் லக்கை, போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம் அது, ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்து அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி, மேலே டேப் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். வண்டி அதிர அதிர அது தளரும். தளர்ந்த இடத்தில் சூடேறும்.

மைனஸ் கேபிளைப் பற்றி ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் ஒவ்வொன்று சொல்வார். "பாடி எர்த்தே போதுங்க, எதுக்கு ரெண்டு கேபிளு?" என்பவர்களே அதிகம். வண்டியின் இரும்புச் சட்டமான சேஸ் நல்ல கடத்திதான், மறுக்கவில்லை. ஆனால் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்துவிட்டால் தடை ஏறும், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும். பிளஸ்ஸோடு மைனஸையும் அதே தடிமனில் இழுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: புது வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். நம் மைனஸ் கேபிளை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் அந்த சென்சார் வழியாகப் போகாத கரண்ட் வண்டியின் கணக்கில் வராது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

ஃபியூஸ் இரண்டு. இதில் பேரமே கிடையாது. முன் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று, பின் பேட்டரியின் பிளஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னொன்று. கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால், நடுவில் எங்காவது தோல் உரிந்து சேஸில் பட்டால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் வைத்தால், அது போன பிறகும் மறுபக்கம் எரியவிட்டுக்கொண்டே இருக்கும். 10 ஸ்கொயர் கேபிளில் 26 ஆம்பியர் ஓடுகிறதென்றால் 40 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளைத்தான், ஃபிரிட்ஜையோ ஃபேனையோ அல்ல. அவற்றுக்குத் தனித்தனியாகச் சின்ன ஃபியூஸ் போட வேண்டும்.

கேபிளைச் சேஸை ஒட்டி, வண்டியின் சொந்த வயரிங் போகும் வழியிலேயே கொண்டுபோங்கள். சைலன்சர், புரொப்பல்லர் ஷாஃப்ட், டீசல் குழாய் மூன்றிலிருந்தும் விலகி இருக்கட்டும். தோட்டத்துச் சாளையில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லீவ் இல்லாத கேபிள் தாங்காது. ஸ்லீவ் இருந்தாலும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

நடுவில் உட்காரும் பெட்டி

முன்னால் ஒரு பேட்டரி, பின்னால் ஒன்று, நடுவில் கேபிள். வண்டி நின்றதும் துண்டிக்க ஏதோ ஒன்று வேண்டுமே. அதற்கு இரண்டு வழிகள்.

பழையதும் மலிவானதும் வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர், பட்டறையில் டைனமோ என்பார்கள், சுமார் 14 வோல்ட் கொடுக்கும். முன் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்று வோல்டேஜ் 12.8க்குக் கீழே வந்ததும் பிரிக்கும். பழைய டீசல் பிக்கப்பும் பின்னால் ஈய பேட்டரியும் என்றால் இது இன்றைக்கும் நல்ல ஏற்பாடு.

இரண்டு சந்தர்ப்பங்களில் இது சொதப்பும். முதலாவது, சில புது வண்டிகளில் டீசல் மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டரே டைனமோவின் வோல்டேஜை ஏற்றி இறக்கும். முன் பேட்டரி நிறைந்துவிட்டது என்று அதற்குத் தோன்றினால் 12.5 பக்கம் இறக்கிவிடும். ரிலே அதைப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துப் பிரித்துவிடும். வால்பாறை வரை ஓட்டினாலும் பின் பேட்டரியில் பாதிகூட ஏறியிருக்காது. இரண்டாவது, பின்னால் இருப்பது எல்எஃப்பி பேட்டரி என்றால் அது சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் பக்கம் நிற்கும். எஞ்சின் நின்ற பிறகும் ரிலே பிரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு எல்எஃப்பியின் உள்தடை மிகக் குறைவு. காலியாக இருக்கும்போது டைனமோ கொடுப்பதையெல்லாம் வாரி இழுக்கும். மலைப்பாதையில் மெதுவாக ஏறும்போது டைனமோவைக் குளிர்விக்கிற காற்றும் குறைவு. டைனமோ சூடாகிக் கருகினால் வரும் செலவில் ஒரு நல்ல சார்ஜரே வாங்கியிருக்கலாம்.

அந்தச் சார்ஜர்தான் இரண்டாவது வழி. டிசி-டிசி சார்ஜர் என்று கேட்டு வாங்க வேண்டும். முன்னாலிருந்து 12 வோல்ட் வந்தாலும் 14 வந்தாலும் அதை வாங்கி, பின் பேட்டரிக்கு எது ஏற்றதோ அந்த வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும். 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் 20க்கு மேல் கொடுக்காது. ஆகவே டைனமோவுக்கும் ஆபத்தில்லை. வழியில் அரை வோல்ட் விழுந்தாலும் அதைச் சரிக்கட்டிவிடும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு மெல்லிய வயரை அதற்குக் கொடுத்துவிட்டால், வண்டி ஓடும்போது மட்டும் விழித்திருக்கும். மேலே கணக்குப் போட்ட 26 ஆம்பியர் இங்கிருந்து வந்ததுதான். 14.4 வோல்ட்டில் 20 ஆம்பியர் வெளியே கொடுக்க, சார்ஜருக்குள் போகும் இழப்பையும் சேர்த்து 12.5 வோல்ட்டில் அவ்வளவு உள்ளே எடுக்கும்.

சார்ஜரைப் பின்னால், இரண்டாவது பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். எஞ்சின் பக்கத்துச் சூடு அதற்கு ஆகாது. அதோடு, பேட்டரிக்குக் கொடுக்கும் வோல்டேஜ் கடைசி அடியில் விழாமல் இருக்கும்.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 100 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். எப்படியும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். 20 ஆம்பியர் வீதம் 60 முதல் 70 ஆம்பியர்-அவர் ஏறும். ஒரு நாளுக்கான 73க்கு ஏறக்குறைய சரி. மேலே குளிர் என்பதால் ஃபிரிட்ஜும் குறைவாகவே ஓடும். ஆனால் போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாள் வண்டியை நகர்த்தாமல் நிறுத்தினால் இரண்டாம் நாள் பேட்டரி காலி. அப்போதுதான் சோலார் தகடு கைகொடுக்கும். 100 வாட் தகடு சமவெளியில் நல்ல வெயில் நாளில் 350, 400 வாட்-அவர் கொடுக்கும். மழைக்கால வால்பாறையில் அதை நம்ப முடியாது. எங்கே தங்கினாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுச் சாலை ஓரத்தில் இரவு நிறுத்தாதீர்கள்.

நம் ஊரில் பேட்டரிக்கு எதிரி குளிரல்ல, வெயில். சித்திரையில் கரூரில் தகரக் கூண்டு போட்ட வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால் உள்ளே கை வைக்க முடியாது. ஈய பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எல்எஃப்பியோ சூடு எல்லை மீறினால் தன் உள் காவல் சர்க்யூட் மூலம் சார்ஜை நிறுத்திவிடும். பேட்டரியைக் கூண்டின் கூரையை ஒட்டி வைக்காமல் தரையோடு, பக்கவாட்டில் காற்று போகும்படி வைத்தால் இதில் பாதி தீரும்.

இவ்வளவும் வேண்டாமே என்றால்

வருஷத்தில் ஓரிரு முறை தங்குவதற்கு இவ்வளவு வேலை எதற்கு என்று தோன்றினால், கையில் தூக்கிப் போகும் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கலாம். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டியில். வண்டியில் ஓட்டை போட வேண்டாம். டாஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் அதைச் சார்ஜ் போட்டால் சுமார் 100 வாட் வேகத்தில்தான் ஏறும். 1000 வாட்-அவர் பெட்டி நிறையப் பத்து மணி நேரம் ஆகும். அதனால் வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு கிளம்புங்கள். பாதயாத்திரை வண்டிக்கு இதுவே அதிகம் என்பேன்.

கேபிள் போட்டுத்தான் செய்வேன் என்பவர்கள் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கழற்றி வைக்கக்கூடிய கூண்டும் பிளக்கில் பிடுங்கக்கூடிய பேட்டரிப் பெட்டியும் ஒரு ரகம். தொட்டியை வெட்டி நிரந்தர அறை கட்டுவது வேறு ரகம். இரண்டாவதுக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். இன்சூரன்ஸ் காரருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்ததும்

எலக்ட்ரீஷியன் வேலையை முடித்து, "ஆச்சுங்க, லைட் எரியுது பாருங்க" என்பார். லைட் எரிவது எதையும் நிரூபிக்காது. ஒரு மல்டிமீட்டரை எடுத்து நான்கு முறை வோல்டேஜ் அளந்து பாருங்கள்.

எஞ்சினை ஓட்டாமல், சில மணி நேரம் ஓய்ந்த முன் பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் பழைய வண்டியென்றால் 14க்கு மேல். அடுத்து பின்னால், சார்ஜருக்குள் கரண்ட் நுழையும் முனையில். அங்கே முன்னால் இருப்பதைவிட அரை வோல்ட் வரை குறையலாம், அதற்கு மேல் கூடாது. கடைசியாகப் பின் பேட்டரியில், சார்ஜரில் நாம் தேர்ந்தெடுத்த அளவை நோக்கி ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

பின்னால் அளப்பதைப் பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும்போது, சார்ஜர் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள். கரண்ட் ஓடாதபோது மோசமான லக்கும் முழு வோல்டேஜ் காட்டும். அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் பெட்டியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு எந்த லக்கில் இருக்கிறதோ, அதைப் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.